வாசகர் கேள்வி – பதில்: அளந்த மலையை ஏன் மறுபடி அளக்கிறார்கள்?

மலைகளின் உயரம் பற்றி வந்த கேள்விகளில் ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றை இம்முறை ஒரே இடத்தில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எவரெஸ்ட் 8,848 மீற்றர் என்று படித்தோம். இப்போது 8,848.86 என்கிறார்கள். இடையில் 8,850 என்றும் 8,844 என்றும் செய்தி வந்தது. மலை வளர்கிறதா, அளப்பவர்கள் தடுமாறுகிறார்களா?
– வாசகர், தலவாக்கலை

மலை வளர்வது உண்மைதான். ஆனால் அது ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் கணக்கு. நீங்கள் தந்திருக்கும் எண்களோ மீற்றர் கணக்கில் வேறுபடுகின்றன. எதை உச்சியாக எடுத்தார்கள், எதைப் பூச்சியமாக எடுத்தார்கள் என்ற இரண்டும் மாறியதால் வந்த வேறுபாடு அது.

உச்சியை முதலில் பார்ப்போம். எவரெஸ்டில் ஏறுகிறவர் யாரும் பாறை நுனியில் நிற்பதில்லை. அதை மூடிக்கிடக்கும் பனியின் மேல்தான் நிற்கிறார். சீனா 2005இல் வெளியிட்ட 8,844.43 மீற்றர் பாறையின் உயரம். அந்த அளவையில் பனியின் தடிப்பு ஏறத்தாழ மூன்றரை மீற்றர். 1999இல் அமெரிக்கக் குழு ஜி.பி.எஸ். வைத்துச் சொன்ன 8,850, 2020 டிசம்பர் 8ஆம் திகதி நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த 8,848.86 ஆகிய இரண்டும் பனியைச் சேர்த்த கணக்குகள். பனி உச்சி எவ்வளவு மாறும் என்பதற்கு ஐரோப்பாவின் மொன்ட் பிளாங்க் நல்ல சான்று. 2021இல் 4,807.81 மீற்றராக இருந்த அது, 2023இல் 4,805.59 ஆனது. இரண்டே ஆண்டில் இரண்டு மீற்றருக்கு மேல் இறக்கம். அடியிலுள்ள பாறை அசையவே இல்லை.

பூச்சியம்தான் பெரிய வேலை. “கடல் மட்டத்திலிருந்து” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எவரெஸ்டுக்கு அடியில் கடல் இல்லையே! கரையோரத்தில் பல ஆண்டுகள் அலை ஏற்ற இறக்கத்தைப் பதிவுசெய்து சராசரி மட்டம் எடுத்து, அதை நிலத்தின் வழியே கல்லுக்குக் கல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நேபாளப் பக்கம் அந்த மட்டம் வங்காள விரிகுடாவிலிருந்து வந்தது. சீனா மஞ்சள் கடலிலிருந்து கொண்டுவந்தது. இரண்டு கடல்களின் சராசரி மட்டமும் ஒன்றல்ல. ஆகவே இரு தரப்பும் பிழையே இல்லாமல் அளந்தாலும் விடை பொருந்தாது. 2020இல் இருவரும் சர்வதேச உயர மேற்கோள் முறை ஒன்றையே அடிப்படையாகக் கொண்டதால்தான் ஒரே எண் கிடைத்தது.

இதில் புவியீர்ப்புக்கும் பங்கு உண்டு. இமயமலையின் பாரம் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். கடலிலிருந்து மலையடி வரைக்கும் ஒரு கால்வாய் வெட்டினால் அதில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்குமோ அதுதான் அந்த இடத்தின் கடல் மட்டம். வெட்ட முடியாத அந்தக் கால்வாயைக் கணக்கில் வெட்டுவதற்காகவே மலையைச் சுற்றி நூற்றுக்கணக்கான இடங்களில் ஈர்ப்பை அளக்கிறார்கள். 2020 மே 27இல் ஏறிய சீனக் குழு ஈர்ப்புமானியை உச்சிக்கே கொண்டுபோனது. அது முதல் தடவை. அதற்கு முந்திய ஆண்டு மே 22இல் நேபாள நில அளவையாளர்கள் விடியுமுன்னே உச்சிக்குப் போய், செய்மதி வாங்கியையும் பனித் தடிப்பு அறியும் ராடாரையும் இயக்கினார்கள். குழுத் தலைவர் கிம் லால் கௌதம் அந்தக் குளிரில் ஒரு கால்விரலை இழந்தார். 2015 ஏப்ரலில் நேபாளத்தை உலுக்கிய 7.8 அளவு நிலநடுக்கத்தில் உயரம் மாறியிருக்குமோ என்ற ஐயமே இந்த மறு அளவைக்குத் தூண்டுதல்.

பழைய அளவையாளர்களைக் குறைத்து எண்ண வேண்டாம். 1856இல் அறிவித்த 29,002 அடி, அதாவது 8,840 மீற்றர், இன்றைய எண்ணிலிருந்து 9 மீற்றர்தான் விலகுகிறது. நேபாளத்துக்குள் நுழைய அனுமதி இல்லாமல், 170 முதல் 190 கிலோமீற்றர் தொலைவில் இந்தியச் சமவெளியில் நின்று, தியோடலைட் என்னும் கோணம் அளக்கும் கருவியில் பார்த்த கோணங்கள் அவை. கணக்கைச் செய்து முடித்தவர் வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார். 180 கிலோமீற்றர் தொலைவில் பூமியின் வளைவு மட்டுமே மலையின் அடிப்பாகத்தில் 2,540 மீற்றரை மறைத்துவிடும். காற்றில் ஒளி முறிவதால் மலை சில நூறு மீற்றர் உயர்ந்து தெரியும்; அந்த முறிவும் காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. இவ்வளவையும் கையாலே கழித்துக் கூட்டி, 9 மீற்றருக்குள் வந்து நின்றிருக்கிறார்கள். அந்த உழைப்புக்குத் தலைவணங்கத்தான் வேண்டும்.

சிவனொளிபாத மலையின் உயரம் 2,243 மீற்றர். உச்சியில் நின்று போனில் பார்த்தால் 2,145 காட்டியது. கூட வந்தவருடைய ஐபோன் 2,240க்குக் கிட்டக் காட்டியது. என் போன் பழுதா?
– வாசகர், மஸ்கெலியா

போனில் பழுதில்லை. அது வேறொரு பூச்சியத்திலிருந்து எண்ணியிருக்கிறது.

செய்மதிகளுக்குக் கடல் மட்டம் தெரியாது. பூமியைச் சற்றுத் தட்டையான, மழமழப்பான ஓர் உருண்டையாக வைத்துக்கொண்டு அதன் பரப்பிலிருந்துதான் உயரம் சொல்லும். நிஜக் கடல் அந்தக் கணித உருண்டையோடு ஒட்டி நிற்பதில்லை. ஈர்ப்பு கூடிய இடத்தில் மேலெழும்பும், குறைந்த இடத்தில் பள்ளமாகும். உலகிலேயே மிக ஆழமான பள்ளம் இருப்பது நமக்குத் தெற்கே, இந்து சமுத்திரத்தில்: கணித உருண்டைக்கு 106 மீற்றர் கீழே. இலங்கை முழுவதும் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் இருக்கிறது. மலையகத்தில் இந்த வேறுபாடு நூறு மீற்றருக்கு அண்மை. காலிமுகத் திடலில் அலை காலை நனைக்கும்போதும் திருத்தாத கருவி “கழித்தல் தொண்ணூற்றுச் சொச்சம்” என்றே காட்டும்.

அன்ட்ரொய்ட் போன்களில் பல செயலிகள் செய்மதி தந்த எண்ணை அப்படியே எடுத்துப் போடுகின்றன. ஐபோன் கடல் மட்டத்துக்குத் திருத்திய பிறகு காட்டுகிறது. உங்கள் செயலியின் அமைப்புப் பகுதியில் கடல் மட்டத் திருத்தம் அல்லது ‘ஜியொய்ட்’ என்று ஒரு தெரிவு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் காட்டும் எண்ணோடு 97ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். போனின் தரத்துக்கு அது போதும். திறந்த வெளியிலேகூட போன் உயரத்தில் பத்துப் பதினைந்து மீற்றர் தவறும். மடத்துச் சுவரோரம், கூரையின் கீழ், நெரிசலுக்குள் பார்த்தால் இன்னும் மோசமாகும். ஐந்து நிமிடமாவது வானம் திறந்த இடத்தில் அசையாமல் வைத்திருந்து வாசியுங்கள்.

புத்தகத்துக்குப் புத்தகம், இணையத்துக்கு இணையம் மலை உயரம் வேறுபடுவது ஏன்? கிரிகல்பொத்த ஓரிடத்தில் 2,388, இன்னோரிடத்தில் 2,395.
– உயர்தர மாணவி, பதுளை

முதலில் அடிக் கணக்கைப் பாருங்கள். பீதுருதாலகால 8,281 அடி, 0.3048 ஆல் பெருக்கினால் 2,524.05 மீற்றர். சிவனொளிபாதம் 7,359 அடி, பெருக்கினால் 2,243.02. இந்த இரண்டிலும் அடியும் மீற்றரும் ஒத்துப்போகின்றன. அப்படி ஒத்துவராத எண் கண்ணில் பட்டால் இரண்டு வேறு அளவைகளைக் கலந்து எழுதியிருக்கிறார்கள் என்று ஐயப்படலாம்.

அளவையாளர் நேரே கோணம் பார்த்து உயரம் கண்ட புள்ளி ஒரு வகை. வரைபடத்தின் சமவுயரக் கோடுகளை வைத்து ஊகித்த உயரம் இன்னொரு வகை. கோடுகளுக்கிடையில் உள்ள உயர இடைவெளி வரைபடத்தின் ஓரத்திலேயே அச்சிட்டிருக்கும். அது 20 மீற்றர் என்றால், கடைசிக் கோட்டுக்கு மேலே மலை இன்னும் எவ்வளவு எழுகிறது என்பது 20 மீற்றர் வரை ஊகந்தான்.

மூன்றாவது வகை விண்வெளி ராடார் தரவு. பல இணையதளங்கள் இதிலிருந்துதான் உயரத்தை எடுக்கின்றன. 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து எடுத்த அந்தத் தரவு, முப்பது மீற்றருக்கு முப்பது மீற்றர் சதுரத்துக்கு ஓர் எண்ணைத் தருகிறது. கூரான சிகரம் அந்தச் சதுரத்துக்குள் சுற்றுச் சரிவோடு சராசரியாகித் தாழ்ந்துவிடும். மரம் அடர்ந்த மேட்டில் எதிர்மாறாக நடக்கும்: ராடார் நிலம் வரை இறங்காமல் இலைத் தொகுதியில் பட்டுத் திரும்புவதால் உயரம் கூடிவிடும். ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து முகில் காடுகளில் இந்த இரண்டு பிழைகளுமே நேரும். கட்டுரை எழுதும்போது எண்ணோடு அது எந்த வரைபடத்திலிருந்து எடுத்தது என்பதையும் எழுதுங்கள்.

பாடசாலைக்கு எதிரே ஒரு மலை. மாணவர்களைக் கொண்டு அளக்க விரும்புகிறோம். சாதாரண தரத்துத் திரிகோண கணிதம் போதுமா?
– ஆசிரியை, ஹட்டன்

கணிதம் தாராளமாகப் போதும். கருவியிலும் இடத் தெரிவிலும்தான் கவனம் வேண்டும்.

பாடப்புத்தகத்தில் வருவது இரண்டு புள்ளி முறை. மலையை நோக்கிய ஒரே நேர்கோட்டில் இரண்டு இடத்தில் நின்று ஏற்றக் கோணம் எடுப்பது. உதாரணமாக, கிட்டப் புள்ளியில் 14.04 பாகை, அங்கிருந்து 200 மீற்றர் பின்னே 11.77 பாகை. இரண்டு தான்சன்களையும் பெருக்கி, 200 ஆல் பெருக்கி, தான்சன்களின் வித்தியாசத்தால் வகுத்தால் 250 மீற்றர் வரும். கரும்பலகையில் அழகான கணக்கு. ஆனால் தூரப் புள்ளியில் கோணத்தைப் பாகையின் பத்தில் ஒன்று கூட்டி, 11.87 என்று வாசித்துவிட்டால் விடை 264. கையால் செய்த கருவியில் பத்தில் ஒரு பாகை என்பது கண்ணுக்கே தெரியாத பிழை. அது மலையை 14 மீற்றர் உயர்த்திவிட்டது! இரண்டு கோணங்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் வித்தியாசம் மிகச் சிறிதாகி, பிழை பெருக்கெடுக்கிறது.

ஆகவே எங்கள் பரிந்துரை ஒரு கோண முறை. நிற்கும் இடத்துக்கும் உச்சிக்கும் இடையிலான கிடைத்தூரத்தை 1:50,000 வரைபடத்திலோ கூகுள் வரைபடத்திலோ அளந்துகொள்ளுங்கள். தூரம் 1,000 மீற்றர், கோணம் 14.04 என்றால் விடை அதே 250. இங்கே பத்தில் ஒரு பாகைப் பிழை ஏறத்தாழ 1.9 மீற்றர்தான். நமக்கு எதிரே தெரிவதுதான் உச்சி என்று நம்பிவிடாதீர்கள். மலையகத்தில் முன்னால் நிற்கும் முகடு பின்னாலுள்ள உண்மை உச்சியை அடிக்கடி மறைத்துவிடும். வரைபடத்தின் சமவுயரக் கோட்டைப் பார்த்து உறுதிசெய்த பிறகே தூரம் அளவுங்கள்.

கருவிக்குக் கடைப் பாகைமானி வேண்டாம். ஒட்டுப்பலகையில் 30 சென்ரிமீற்றர் ஆரையில் கால்வட்டம் வெட்டுங்கள். அந்த ஆரையில் ஒரு பாகை 5 மில்லிமீற்றருக்கு மேல் வரும். கால் பாகையைக் கண்ணால் பிரிக்கலாம். மேல் விளிம்பில் அரை அங்குல பிவிசி குழாய், அதன் தூர முனையில் குறுக்காக இரண்டு நூல். மூலையில் தூக்கு நூல் கட்டி, நூல் நுனியில் கனமான ஒரு நட்டு. பலகையைக் கையில் பிடிக்காமல் தரையில் ஊன்றிய கம்பத்தில் ஒற்றைத் திருகாணியால் பொருத்துங்கள். மலைக்காற்றில் நூல் ஆடிக்கொண்டே இருக்கும். நட்டு ஒரு தகரப் பேணித் தண்ணீருக்குள் தொங்கட்டும், ஆட்டம் அடங்கிவிடும். ஐந்து மாணவர்கள், ஒருவர் வாசிப்பை மற்றவர் பார்க்காமல், தனித்தனியே எழுதட்டும். ஐந்தில் நடு எண்ணை எடுங்கள்; சராசரி வேண்டாம். ஒரு மோசமான வாசிப்பு சராசரியைக் கெடுக்கும், நடு எண்ணைக் கெடுக்காது.

கிடைத்த உயரத்தோடு குழாய் இருக்கும் உயரத்தைக் கூட்ட வேண்டும். இதை மறப்பவர்கள் நிறைய. பிறகு நிற்கும் இடத்தின் கடல் மட்ட உயரம். ஹட்டனில் அதற்கு வழி பக்கத்திலேயே இருக்கிறது: புகையிரத நிலையப் பெயர்ப்பலகையில் உயரம் எழுதியிருக்கும். நிலையத்துக்கும் பாடசாலைக்கும் உள்ள வித்தியாசத்தை வரைபடத்தின் கோடுகளைக் கொண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு புள்ளி முறையையும் செய்து காட்டத்தான் வேண்டுமென்றால் சரிவில் செய்யாதீர்கள். விளையாட்டு மைதானம் நல்லது. நீர்த்தேக்கக் கரை இன்னும் நல்லது. தண்ணீர் விளிம்பு எங்கும் ஒரே மட்டம்.

வளைவுத் திருத்தம் இந்தத் தூரத்துக்குத் தேவையில்லை. ஒரு கிலோமீற்றரில் 7 சென்ரிமீற்றர்தான். ஆனால் 10 கிலோமீற்றர் தள்ளி ஒரு சிகரத்தை அளக்கப் போனால், ஒளி முறிவையும் சேர்த்து 6.7 மீற்றர் கூட்ட வேண்டும். கிலோமீற்றரின் வர்க்கத்தை 0.067 ஆல் பெருக்கினால் மீற்றரில் கிடைக்கும்.

பீதுருதாலகாலவை இன்று மறுபடி அளப்பதென்றால் எப்படி அளப்பார்கள்? தொலைக்காட்சிக் கோபுரத்தையும் சேர்ப்பார்களா?
– வாசகர், நுவரெலியா

கோபுரம் சேராது. இயற்கையான நிலத்தின் மிக உயர்ந்த புள்ளியே உச்சி.

பீதுருதாலகாலவின் அளவைப் புள்ளி நாட்டுக்கே முக்கியமானது. இலங்கையின் வரைபடக் கட்டவலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1999 முறையில் அந்தப் புள்ளிக்குக் கிழக்கு 500,000, வடக்கு 500,000 என்று எண் கொடுத்து, மற்ற இடங்களையெல்லாம் அதிலிருந்து எண்ணுகிறார்கள்.

உச்சி வரை வாகனப் பாதை போவதால் இங்கே எவரெஸ்டில் நினைக்கவே முடியாத ஒரு வழி இருக்கிறது. நகரிலிருந்து மட்டம் பார்த்தே ஏறிவிடலாம்: கிடையாகப் பார்க்கும் மட்டக்கருவியை நடுவே நிறுத்தி, கீழேயும் மேலேயும் நிறுத்திய அளவுகோல்களை வாசித்து, வித்தியாசங்களைக் கூட்டிக்கொண்டே போவது. நகரம் 1,868 மீற்றர். ஏற வேண்டியது 656 மீற்றர். நான்கு மீற்றர் மட்டக்கோலை வைத்துக்கொண்டு ஒரு தடவை கருவி நிறுத்தினால் இரண்டரை மீற்றர் ஏறலாம். ஆக, 260 தடவைக்கு மேல் நிறுத்த வேண்டும், திரும்பி இறங்கும்போது அதே அளவு. இந்த வேலையில் கோலே எதிரியாகிவிடும். ஒரு மீற்றருக்குப் பத்தில் ஒரு மில்லிமீற்றர் நீளம் பிசகினால் உச்சியில் 66 மில்லிமீற்றர் பிழை. போகும்போதும் வரும்போதும் அதே பிழை அதே அளவில் வருவதால் இரண்டு கணக்கும் அழகாக ஒத்துப்போய் அளவையாளரை ஏமாற்றும். அதனால் தொடங்குமுன் கோலைச் சோதித்தே ஆக வேண்டும். சரிவில் பார்வைக்கோடு தரையை உரசிக்கொண்டு போகும். தரைக்கு அருகே காற்றின் வெப்பம் படிப்படியாக மாறுவதால் கோடு வளையும். கோலின் அடி அரை மீற்றருக்குள் வாசிக்கக்கூடாது என்று வைத்துக்கொள்வது நல்லது.

செய்மதி முறையில் வேலை சுருங்கும், கவனம் சுருங்காது. கடல் மட்ட உயரம் தெரிந்த கல்லில் ஒரு வாங்கி, உச்சிப் புள்ளியில் இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் சில மணி நேரம் பதிவுசெய்ய வேண்டும். அடிவானத்திலிருந்து 15 பாகைக்குக் கீழே உள்ள செய்மதிகளை விட்டுவிடுவது வழக்கம். பக்கத்தில் இரும்புக் கோபுரம் இருந்தால் சமிக்ஞை அதில் பட்டுத் தெறித்து இரண்டாம் வழியாகவும் வாங்கிக்குள் நுழையும். ஒலிபரப்புக் கருவிகளின் வலுவான அலை வாங்கியையே திணறடிக்கலாம். இப்படிப்பட்ட இடத்தில் உச்சியிலிருந்து சற்று விலகிய திறந்த மேட்டில் செய்மதி அளவை செய்து, அங்கிருந்து மட்டக்கருவியால் உச்சிக்கு உயரத்தைக் கொண்டுபோவதே புத்திசாலித்தனம்.

நேரமும் பார்க்க வேண்டும். மூடுபனி தியோடலைட்டை நிறுத்திவிடும், செய்மதியை நிறுத்தாது. ஆனால் நாம் காந்த மத்திய கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் மறைந்த பின் நள்ளிரவு வரை அயனமண்டலம் (வளிமண்டலத்தின் உயரே மின்னேற்றம் பெற்ற அடுக்கு) கொந்தளித்து, சமிக்ஞை இடையிடையே அறுந்துபோகும். மார்ச், ஏப்ரல், செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் இது கூடுதல். பகலில் பதிவுசெய்வதே பாதுகாப்பு.

இவ்வளவும் சரியாக நடந்தும் கெட்டுப்போகும் அளவைகளில் பெரும்பாலானவை கெடுவது ஒரே இடத்தில்: முக்காலியின் அடியிலுள்ள அடையாளத்திலிருந்து அன்டெனா வரைக்குமான உயரம். 1.543 என்பதை 1.453 என்று எழுதிவிட்டால் 9 சென்ரிமீற்றர் போய்விட்டது. சரிவாக அளந்ததைச் செங்குத்து என்று பதிந்தாலும் அப்படித்தான். தொடங்கும்போதும் முடிக்கும்போதும், இரண்டு பேர், மீற்றரிலும் அங்குலத்திலும் தனித்தனியே அளந்து எழுத வேண்டும். அங்குலத்தை மாற்றிப் பார்த்தால் பிழை உடனே அகப்பட்டுவிடும்.

கடைசியில் கிடைப்பது செய்மதி உயரம். மஸ்கெலியா வாசகருக்குச் சொன்ன நூறு மீற்றர் பள்ளம் இங்கேயும் வரும். நாட்டுக்கென்று செய்த கடல் மட்ட மாதிரியைக் கொண்டு அதைத் திருத்த வேண்டும். அந்த மாதிரி எவ்வளவு நல்லதோ அவ்வளவுதான் விடையும் நல்லது. எங்கள் கருத்தில் இரண்டு முறைகளாலும் அளந்து ஒப்பிட்டால்தான் புது எண்ணைப் பாடப்புத்தகத்தில் ஏற்றலாம்.

உயரம் காட்டும் கைக்கடிகாரம் வைத்திருக்கிறேன். வீட்டு மேசையில் வைத்தே காலையில் ஒரு உயரம், பின்னேரம் ஒரு உயரம் காட்டுகிறது. ஏறும்போதும் குறைத்துக் காட்டுகிறது.
– வாசகர், ஹப்புத்தளை

அதில் இருப்பது பாரமானி. காற்றமுக்கத்தை உயரமாக மாற்றிக் காட்டுகிறது. உங்கள் ஊர் உயரத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறத்தாழ 10 மீற்றர். வெப்ப வலயத்தில் அமுக்கம் ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை ஏறி இறங்கும்: முற்பகல் பத்து மணி, இரவு பத்து மணி அளவில் உச்சம், அதிகாலை நான்கு, பின்னேரம் நான்கு அளவில் தாழ்வு. ஏறத்தாழ மூன்று ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் வரும். ஆகவே பத்து மணிக்குச் சரிசெய்து வைத்த கடிகாரம் நான்கு மணிக்கு மேசையிலிருந்தபடியே 30 மீற்றர் வரை ஏறிவிடும்.

குறைத்துக் காட்டுவதற்குக் காரணம் வெப்பம். அந்தக் கடிகாரங்கள் கடல் மட்டத்தில் 15 பாகை, கிலோமீற்றருக்கு 6.5 பாகை குறையும் என்ற நியமக் காற்றை வைத்துக் கணக்கிடுகின்றன. அதன்படி ஹப்புத்தளையில் 6 பாகை இருக்க வேண்டும்; நிஜத்தில் பகலில் 19, 20. சூடான காற்று விரிந்து இலேசாக இருப்பதால் அதே அமுக்க மாற்றத்துக்கு நீங்கள் கூடுதலாக ஏற வேண்டியிருக்கிறது. நியமத்தைவிட ஒவ்வொரு 3 பாகைக்கும் நூற்றுக்கு ஒன்று என்று கூட்டிக்கொள்ளலாம். 500 மீற்றர் ஏறினால் கடிகாரம் 477 அளவில் காட்டுவது அதனால்தான்.

நடக்கத் தொடங்குமுன் புகையிரத நிலையத்தில் பலகையிலுள்ள உயரத்துக்குக் கடிகாரத்தைத் திருத்துங்கள். பட்டிப்பொளைக்கும் ஒஹியவுக்கும் இடையே பாதையின் உச்சப் புள்ளியிலும் 1,898 மீற்றர் என்று பலகை இருக்கிறது. திரும்பி வந்ததும் அதே இடத்தில் மறுபடி வாசித்து, பிசகை நேரத்துக்கேற்பப் பங்கிட்டுக் கழியுங்கள். முற்பகல் பத்தை ஒட்டி ஏறி இறங்கி முடித்தால் அமுக்கம் அதிகம் மாறாது. பிசகும் சிறிதாகவே இருக்கும்.